உதவியாளர் செவிலியராகும்போது

அமெரிக்க முதியோர் இல்லங்களில் நோயாளியின் அருகே அதிக நேரம் இருப்பவர் சி.என்.ஏ. எனப்படும் செவிலி உதவியாளர். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, உடை மாற்றுவது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவைப்பது எல்லாம் அவர் வேலை. 1987ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் இதற்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியையும் ஒரு தேர்வையும் கட்டாயமாக்கியது. பல மாநிலங்கள் கூடுதல் பயிற்சி கேட்கின்றன. அடுத்த படியில் இருப்பவர் எல்.பி.என். எனப்படும் உரிமம் பெற்ற செவிலியர். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் எல்.வி.என். என்பார்கள். ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு, என்கிளெக்ஸ் தேர்வு, மாநிலச் செவிலியர் வாரியத்தின் உரிமம் ஆகிய மூன்றையும் கடந்தால்தான் அந்தப் படி. மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் அவர் பொறுப்பு. அதற்கும் மேலே இரண்டு அல்லது நான்கு ஆண்டு படித்த, ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற செவிலியர். 2023ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி ஆண்டு ஊதியத்தின் இடைமதிப்பு உதவியாளருக்கு ஏறத்தாழ 38,000 டாலர், எல்.பி.என்.னுக்கு 60,000 டாலர், ஆர்.என்.னுக்கு 86,000 டாலர்.

உதவியாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்து வந்தவர். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் சாப்பாடும் ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும் பணமும் அந்தச் சம்பளத்திலிருந்தே போகவேண்டிய நிலையில் பலர் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் உரிமம் பெற்ற செவிலியராக முயலும்போது, அது வெறும் தொழில் முன்னேற்றமாக நின்றுவிடுவதில்லை. படுக்கையில் கிடப்பவர், வீட்டில் காத்திருக்கும் பிள்ளை, வளர இடம் கிடைக்காத தன் திறமை என்று மூன்று பக்கமும் அவர்மீது உரிமை கோருகின்றன. யாருக்கு முதலில் கடன்? உடலைக் கழுவும் பணியே புனிதமானது என்றால் அதைவிட்டு ஏறுவதை எப்படி நியாயப்படுத்துவது? குடும்பத்துக்காகப் படிக்கும் படிப்பு குடும்பத்துக்கு உரிய நேரத்தையே எடுத்துக்கொள்ளலாமா? சமயங்களும் தத்துவங்களும் இக்கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த விடைகளில் பெரும்பாலானவை, காப்பாற்றக் குடும்பம் இல்லாதவர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. இந்த ஒரு செய்தியைக் கவனிக்காமல் அவற்றைப் படித்தால் தவறான இடத்துக்கே போய்ச் சேர நேரும்.

நோயாளிப் பணி பற்றிய மிகப் பழைய, மிகத் தெளிவான சிந்தனைகளுள் ஒன்று பௌத்த விநய நூலான மகாவக்கத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் துவண்ட ஒரு துறவி தன் கழிவிலேயே கிடக்கிறார். புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் அந்தப் பக்கமாக வருகிறார்கள். உன்னைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லையா என்று புத்தர் கேட்க, தம்மால் மற்றத் துறவிகளுக்கு எந்தப் பயனும் இல்லாததால் ஒருவரும் வருவதில்லை என்கிறார் அவர். ஆனந்தர் தண்ணீர் கொண்டுவருகிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன்பின் துறவிகளைக் கூட்டிப் புத்தர் சொல்வதன் சாரம்: உங்களைக் கவனிக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, நீங்களே ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்? என்னைக் கவனிக்க விரும்புகிறவர் நோயுற்றவரைக் கவனிக்கட்டும்.

அதே பகுதி நல்ல பராமரிப்பாளருக்குரிய ஐந்து இயல்புகளையும் சொல்கிறது. மருந்து தயாரிக்கத் தெரிந்திருக்கவேண்டும். நோயாளிக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்கவேண்டும். மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றை அப்புறப்படுத்த அருவருப்புக் கூடாது. நல்ல சொல்லால் நோயாளியைத் தேற்றத் தெரியவேண்டும். ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பினால் செய்யவேண்டும். இந்தப் பட்டியலில் இன்றைய இரண்டு வேலைகளும் கலந்தே கிடக்கின்றன. மருந்தறிவும் ஒத்துவரும் உணவை அறிவதும் இன்று உரிமம் பெற்றவரின் பக்கம். கழிவை அகற்றுவது உதவியாளரின் பக்கம். மகாவக்கம் அவற்றை ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறது. அறிவும் அழுக்கும் இரு வகுப்பாகப் பிரிந்தது பிற்காலத்து நிர்வாகம் செய்த வேலை. பணியின் இயல்பு அதைக் கேட்கவில்லை.

ஆதாயத்துக்காகச் செய்யக்கூடாது என்ற இயல்புதான் சம்பளத்துக்கு வேலை செய்பவரைச் சங்கடப்படுத்தும். அதிக ஊதியம் வேண்டும் என்று படிக்கப் போகிறவர் அன்பிலிருந்து நழுவிவிட்டாரா? அந்தப் பேச்சு யாரை நோக்கியது என்பதிலேயே விடை இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பிச்சைப் பாத்திரம் ஏந்தியவர்கள். அவர்களுக்குச் சோறிட ஊர் இருந்தது, அவர்களிடம் சோறு கேட்கப் பிள்ளை இல்லை. தாய் தந்தை இல்லாதவர்களே என்று தொடங்கும் விதியை, தாயும் பிள்ளையும் உள்ள ஒருத்தியின்மீது அப்படியே சுமத்துவது நியாயமாகாது. அவளுடைய ஊதியம் இன்னொரு பராமரிப்பாக மாறி வீட்டுக்குள் நுழைகிறது. நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்தை ஆசை கெடுக்கக்கூடாது என்ற அளவில் அந்த விதி அவளுக்கும் பொருந்தும். கை நீட்டிக் கூலி வாங்குவதையோ, கூடுதல் கூலி தரும் வேலைக்குத் தகுதி தேடுவதையோ அது தடுப்பதாகப் படிக்க இடமில்லை.

மேற்கிலும் இதே கதைதான். ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புனித பெனடிக்டின் மடவிதிகளில் 36ஆம் அதிகாரம் நோயாளிகளைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் முன்னதாக அவர்களைக் கவனிக்கவேண்டும், கிறிஸ்துவுக்கே பணி செய்வதுபோலச் செய்யவேண்டும் என்கிறது. எழுதியவரும் கடைப்பிடித்தவர்களும் துறவிகள். 1633இல் வின்சென்ட் தெ பாலும் லூயிஸ் தெ மரியாக்கும் பிரான்சில் தொடங்கிய அறப்புதல்வியர் சபை மடத்துச் சுவரைத் தாண்டி ஏழை நோயாளிகளின் வீடுகளுக்கே போனது. ஆனால் அந்தப் பெண்களுக்கும் கணவன், குழந்தை இல்லை. 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி நிறுவிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் திருமணம் செய்துகொள்ளாதவர். அவர் வழியில் அமெரிக்காவில் எழுந்த பள்ளிகளும் பொதுவாக மணமாகாத பெண்களையே சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, வார்டில் வேலை வாங்கிக்கொண்டே பயிற்றுவித்தன. செவிலியின் முழு வாழ்வும் நோயாளிக்கே என்ற இலட்சியம் இப்படி உருவானது. வீடு என்று ஒன்று இருப்பவருக்கு அதில் இடம் ஒதுக்கப்படவே இல்லை. அந்த இலட்சியத்தை அளவுகோலாக்கி, பகுதி நேரமாகப் படித்துக்கொண்டு குழந்தை வளர்ப்பவரை அர்ப்பணிப்புக் குறைந்தவராகக் காண்பது வரலாறு தந்த ஒரு தற்செயலை அறமாக்குவது.

கழுவும் வேலை தாழ்ந்ததா என்ற கேள்விக்கு இந்த மரபுகள் தாழ்ந்ததல்ல என்றே விடை தருகின்றன. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்ப்பவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வைக்கிறது. ஆயினும் ஒரு பணியைப் புனிதம் என்று புகழ்வதில் ஓர் ஆபத்து உண்டு. புகழ்ச்சி கூலிக்கு ஈடாகிவிடும். இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க அரசியல் தத்துவ அறிஞர் ஜோன் டிரான்டோ. 1993இல் வெளிவந்த நூலில் அவர் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்: தேவையைக் கவனிப்பது, பொறுப்பேற்பது, கையால் செய்வது, பராமரிப்பைப் பெறுவது. முதல் இரண்டும் அதிகாரம் உள்ளவர்களிடமும், பின்னிரண்டும் இல்லாதவர்களிடமும் போய்ச் சேர்கின்றன என்பது அவர் கண்டது. பொறுப்பேற்பவருக்கு மதிப்பு, கையால் செய்பவருக்கு முதுகுவலி. ஆகவே உதவியாளரிடம் உன் வேலையே உயர்ந்தது, ஏன் மேலே போகிறாய் என்று கேட்பவர், அந்த உயர்ந்த வேலைக்குத் தாம் என்ன கொடுக்கத் தயார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

மேலே ஏறுவதற்கு ஊதியத்தைக் காட்டிலும் ஆழமான ஒரு காரணம் படுக்கையருகிலேயே இருக்கிறது. நோயாளியைப் புரட்டும்போது முதுகெலும்பின் அடியில் தோல் சிவந்திருப்பதை முதலில் காண்பவர் உதவியாளர். நேற்றுவரை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டவர் இன்று தட்டைத் தள்ளுவதும், எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடும் கிழவி இன்று ஆளைக் குழப்பிக்கொள்வதும் அவர் கண்ணுக்குத்தான் முதலில் படுகின்றன. முதலாவது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். கடைசியானது சிறுநீர்த் தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆனால் அதை மதிப்பிட்டு முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை. செவிலியரிடம் சொல்லலாம், செவிலியர் வேறு இருபது பேரைப் பார்த்துக்கொண்டிருந்தால் சொன்னது காற்றோடு போகலாம். கண்டவருக்குச் சொல்லுரிமை இல்லை, சொல்லுரிமை உள்ளவர் காண்பதில்லை என்ற இந்தப் பிளவு அறச்சிக்கல்தான். பல ஆண்டுகள் உடலைத் தொட்டுப் பழகிய ஒருவர் உரிமம் பெறும்போது அந்தப் பிளவு ஓர் ஆளுக்குள்ளாவது மூடுகிறது. ஏறுவது நோயாளியை விட்டுப் போவது என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான மறுமொழி வேறில்லை.

இருக்கும் நிலையிலேயே இரு என்று சொல்லும் மரபுகளும் வலுவானவை. பிறருடைய கடமையை நன்றாகச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல் என்பது பகவத்கீதையின் போதனை; அதை ஏணிகளை மறிக்கும் சுவராகப் பயன்படுத்தியவர்கள் ஏராளம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், அழைக்கப்பட்ட நிலையிலேயே ஒவ்வொருவரும் நிலைத்திருக்கட்டும் என்கிறார். அதே இடத்தில் அடிமைகளிடம் பேசும்போது, விடுதலை கிடைக்குமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்வதாகவே பலரும் அவரைப் படிக்கிறார்கள். மார்ட்டின் லூதர் மடத்துக்குள் அடைபட்டிருந்த இறையழைப்பை வீதிக்குக் கொண்டுவந்தார். துறவியின் ஜெபத்துக்கும் வேலைக்காரி வீடு பெருக்குவதற்கும் கடவுள் முன் வேறுபாடு இல்லை என்ற அவருடைய கருத்து உழைப்பவருக்குப் பெரும் கண்ணியம் தந்தது. ஆனால் அவரவர் தத்தம் இடத்தில் இருக்கவேண்டும் என்பதிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். நூறாண்டுக்கும் மேல் கழித்து, 1673இல் வெளிவந்த பெரும் நூலில் ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் அந்தக் கதவைத் திறந்தார்: தன் ஆன்மாவுக்கும் பிறருக்கும் தீங்கு இல்லாமல் நேர்மையாகக் கூடுதலாக ஈட்டும் வழியைக் கடவுள் காட்டும்போது அதை மறுப்பது அழைப்பின் நோக்கங்களில் ஒன்றுக்கே முரணாகும் என்று வாதிட்டார். சமூகவியல் அறிஞர் மாக்ஸ் வேபர் இதில் முதலாளியத்தின் மனநிலையைக் கண்டார். ஆனால் அதே வரிகளை ஒரு முதியோர் இல்லத்து உதவியாளரின் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேறு வெளிச்சம் விழுகிறது. வணிகனுக்கு அது செல்வம் சேர்க்க அனுமதி. உதவியாளருக்கு அது மாதக் கடைசியில் மின்கட்டணம் கட்ட அனுமதி.

மேரி எலைசா மஹோனியின் வாழ்க்கை இவ்விடத்தில் பொருந்தும். பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனையில் சமையல், துணி துவைத்தல், துப்புரவு, செவிலியருக்கு எடுபிடி என்று சுமார் 15 ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். 1878இல் அதே மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 1879இல் தேறினார்; அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் என்று அறியப்படுகிறார். அவருடன் சேர்ந்தவர்களில் மிகச் சிலரே இறுதிவரை நின்றனர். நிலைத்திரு என்ற போதனையை அவர் கேட்டிருந்தால் துவைக்கும் தொட்டியருகிலேயே இருந்திருப்பார். அவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு வேதாகமம் இரண்டு இடங்களில் நேராகப் பேசுகிறது. தன் வீட்டாரைக் காப்பாற்றாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் கண்டிக்கிறது. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவிடுவோரை இயேசு கடிந்துகொள்கிறார். உயர்ந்த நோக்கத்தின் பெயரால் அருகிலிருப்பவரின் உரிமையைப் பறிக்காதே என்பது இதன் உட்பொருள். இஸ்லாமியச் சட்டமும் மனைவி மக்களுக்குச் செலவிடுவதை விருப்பத் தானமாக விடாமல் கட்டாயக் கடமையாக்குகிறது. இவற்றின்படி பார்த்தால் குடும்பமே முதலில் நிற்கிறது. ஆயினும் இன்றைய சோறா, ஐந்து ஆண்டு கழித்து நிலையான வாழ்வா என்பதை இந்த விதிகள் தீர்த்துவைப்பதில்லை. இரண்டுமே குடும்பத்துக்குத்தான்.

தன் திறமைக்கு ஒருவர் கடன்பட்டவரா என்ற கேள்வியை இம்மானுவேல் கான்ட் 1785இல் எடுத்துக்கொண்டார். திறமை இருந்தும் சுகத்துக்காக அதைத் துருப்பிடிக்கவிடும் மனிதனை எடுத்துக்காட்டாக வைத்து, தன்னை வளர்த்துக்கொள்வது கடமை என்கிறார். எப்போது, எவ்வளவு என்பதில் இடம்கொடுக்கும் கடமை அது. கான்ட்டின் மனிதன் சோம்பலால் நிற்கிறான். உதவியாளர் களைப்பால் நிற்கிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கமுடியாது என்றாலும் கடமை அழிந்துவிடுவதில்லை, காலம் பார்த்துக் காத்திருக்கிறது. 1982இல் அமெரிக்க உளவியல் அறிஞர் கேரல் கில்லிகன் பெண்களின் அறச்சிந்தனை பற்றி எழுதிய நூல் இதற்கு இன்னொரு பக்கம் காட்டியது. தன்னலத்திலிருந்து தன்னை அழித்துக்கொள்ளும் நன்மைக்குப் போவதை வளர்ச்சியின் நடுக்கட்டமாகவே அவர் வைக்கிறார். பராமரிக்கப்படவேண்டியவர்களில் தானும் ஒருத்தி என்று உணர்வது அதற்கு அடுத்தது. தாய் என்றால் தேய்பவள் என்று பழகிய சமூகங்களுக்கு இது எளிதில் இறங்காது. ஆனால் இறங்கவேண்டியது.

எல்லாம் போக, மிகவும் வலிக்கும் இடம் நேரம். மருத்துவமனைப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. அது பெரும்பாலும் பகலில் நடக்கும். ஆகவே வேலை இரவுக்கோ சனி ஞாயிறுகளுக்கோ தள்ளப்படுகிறது. வாரத்துக்கு 30 மணி நேரத்துக்குக் கீழே போனால் 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டப்படி முழுநேர ஊழியர் என்ற கணக்கில் வரமாட்டார். நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு நின்றுபோகலாம். மிஞ்சும் நேரம் பிள்ளைகளின் தூக்க நேரம். அவர்கள் ஒப்புதல் கேட்கப்படாமலே செலவைப் பங்கிடுகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் அப்படித்தான். அந்தக் கிழவியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையில், ஓவியத்துக்காகக் குடும்பத்தைவிட்டுத் தஹிதிக்குப் போன கோகனின் கதையைத் தழுவி ஒரு கேள்வி கேட்டார்: அந்தச் செயலை எது நியாயப்படுத்தும்? வெற்றி ஒன்றே நியாயப்படுத்தலாம், அதை முன்கூட்டி அறியமுடியாது என்பது அவர் வாதம். தோல்வியிலும் அவர் வேறுபாடு காண்கிறார். திறமை இல்லாமல் தோற்றால் முயற்சியே தவறாகிவிடும். வழியில் விபத்து நேர்ந்து தோற்றால் அது முயற்சியின் குற்றமல்ல. உதவியாளரின் முயற்சி கோகனுடையதிலிருந்து ஓர் அடிப்படையில் விலகுகிறது. விலை கொடுப்பவர்களே பலன் பெறப்போகிறவர்களும். அதனால் அவருக்கு மேதைமை தேவையில்லை, நியாயமான நம்பிக்கை போதும். விவரம் புரியும் வயதிலிருப்பவர்களிடம் கலந்து பேசியிருந்தால் போதும். உதவியாளர்கள் படிப்பைப் பாதியில் விடும் காரணங்களோ பெரும்பாலும் வில்லியம்ஸ் சொன்ன இரண்டாவது வகை: கார் நின்றுபோவது, குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் ஊரைவிட்டுப் போவது, மேலாளர் ஷிப்ட் மாற்ற மறுப்பது. இவற்றைத் துரதிர்ஷ்டம் என்று அழைப்பதே பொருந்தாது. இவை மனிதர்கள் செய்துவைத்த ஏற்பாடுகள், வேறுவிதமாகவும் செய்யலாம்.

இந்த இடத்தில் கேள்வி உதவியாளரைவிட்டு நகர்ந்து, அவர் உழைப்பில் வாழும் மற்றவர்கள்மேல் விழுகிறது. கடும் அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளை வளர்த்தவரும் தத்துவப் பேராசிரியருமான ஈவா ஃபெடர் கிட்டே 1999இல் எழுதிய நூலில் ஒரு நீதிக் கொள்கையை முன்வைத்தார். பிரசவித்த தாய் குழந்தையைக் கவனிக்க, அந்தத் தாயைக் கவனிக்க இன்னொருவர் வேண்டும். அதுபோலப் பிறரைப் பராமரிப்பவரைத் தாங்கும் பொறுப்பு சமூகத்துக்கு உண்டு என்பது அதன் சாரம். வாங்கிக்கொண்டவரே திருப்பித் தரமுடியாதபோது, கடன் வட்டத்தைப் பெரிதாக்கித் தீர்க்கப்படுகிறது. இது வெறும் கனவு அல்ல என்பதற்கு அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. நியூயார்க் மருத்துவமனைத் தொழிலாளர்களின் 1199 சங்கம் 1969இல் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் பேசிப் பயிற்சி நிதி ஒன்றை ஏற்படுத்தியது. 1974இல் பிலடெல்ஃபியாவின் 1199சி சங்கம் அதைப் பின்பற்றியது. சம்பளச் செலவில் ஒரு சிறு பங்கை முதலாளிகள் அந்த நிதிக்குச் செலுத்துகிறார்கள். உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அதிலிருந்து படிக்கிறார்கள். பிலடெல்ஃபியா நிதி எல்.பி.என். படிப்பை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ப மாலையிலும் வார இறுதியிலும் நடத்தியிருக்கிறது. தனி ஒருத்தியின் தியாகமாக இருந்ததை இந்த ஏற்பாடு பொதுக் கடனாக மாற்றியது. இந்த அறக்கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் இதுவே மிகவும் மதிக்கத்தக்கது. எந்த மடத்திலும் பல்கலைக்கழகத்திலும் பிறக்காமல், சலவையறைக்காரர்களும் சமையல்காரர்களும் உட்கார்ந்த பேச்சுவார்த்தை மேசையில் பிறந்தது.

உரிமம் கைக்கு வந்தபின் அறம் வேறு உருவில் வருகிறது. எல்.பி.என். தன் வேலைகளில் சிலவற்றை உதவியாளரிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைத்தாலும் விளைவுக்கான பொறுப்பு அவரைவிட்டு முழுமையாகப் போவதில்லை. மாநிலச் சட்டங்கள் இதைப் பலவாறாக வரையறுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: சரியான வேலை, சரியான ஆள், தெளிவான சொல், தொடர்ந்த கண்காணிப்பு. நேற்று தன்னோடு பெட்ஷீட் மாற்றியவருக்கு இன்று உத்தரவு இடவேண்டியிருக்கும்போது, இரண்டு பக்கமும் வாழ்ந்தவர் என்ற அறிவு அவருக்கு உண்டு. தோல் சிவந்திருக்கிறது என்று உதவியாளர் வந்து சொன்னால், மருந்து வண்டியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கவேண்டியவர் இப்போது அவரே.